ஏழு பாட்டில் ஒன்று

என் செல்லத் தம்பி அந்தோணிக்கு,

உன் பாட்டு ஊரெல்லாம் ஓடுகிறது. திண்டிவனம் பஸ்ஸில் கேட்கிறது. மீன் மார்க்கெட்டில் கேட்கிறது. நான் உப்பு பாக்கெட் போடுகிற கம்பெனியில் பக்கத்தில் நிற்கிறவளின் போன் அடித்தால் அதுதான் கேட்கிறது. பாட்டு என்றா சொன்னேன்? பாட்டில் ஒரு துண்டு. அதுவும் நீ பாடின துண்டு இல்லை. "சாப்ட்டியாடா?" என்று அம்மா கூப்பிடுகிற இடம்.

அந்தக் குரல் எப்படி அதில் வந்தது என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. நீ உப்பு லாரி ஓட்டினாய். லோடு கிடைக்காத நாட்களில் பொம்மையார்பாளையத்தில் உன் சிநேகிதன் வினோத்தின் அறைக்குப் போய், சுவரெல்லாம் போர்வை கட்டி, லேப்டாப்பில் பாட்டு செய்தாய். மொத்தம் ஏழு. நாலாவது பாட்டின் கடைசியில் ஒரு தாய் மகனைக் கூப்பிட வேண்டும். அதற்காக அம்மாவை அவள் வேலை செய்த உப்பளத்துக்கே கூட்டிப்போய் வரப்பில் நிற்க வைத்தாய்.

அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எதிர்லயே நின்னுக்கினு கீற. உன்ன எதுக்குடா நான் கூவிக் கூப்புடணும்?" என்றாள். நீ போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு வரப்பு மேலேயே நடந்தாய். சட்டை நிறம் தெரியாத தூரம் போன பிறகுதான் அம்மாவுக்குக் குரல் வந்தது. "டேய் அந்தோணி... சாப்ட்டியாடா?"

நம் பக்கத்தில் ஆல்பம் சாங் என்றால் சினிமாவில் வராத ஒற்றைப் பாட்டு. உனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வரும். "ஒரு பாட்டு எப்படிக்கா ஆல்பம் ஆவும்?" என்பாய். நானும் விடமாட்டேன். "பஸ்ல எனக்கு ஒரு பாட்டு நல்லா இருந்தா போதும்டா. உன் ஏழையும் கேக்கறதுக்குள்ள நான் எறங்கற ஸ்டாப்பே வந்துடும்."

"நாலாவதுல அம்மா கூப்புடுது. அஞ்சாவதுல வெறும் காத்துதான். ஏழாவதுலதான் பையன் 'தோ வரேம்மா'ன்னு பதில் சொல்றான். நடுவுல ஒண்ண மட்டும் புடுங்கி எடுத்தா அதுல என்னாக்கா இருக்குது?"

தனியாக நிற்க முடியாத பாட்டு நல்ல பாட்டா என்று கேட்டேன். நீ சிரித்தாய். அந்தக் கேள்வி இன்னும் என்னிடமே கிடக்கிறது.

ஏழையும் வரிசையாக நெட்டில் ஏற்றினாய். கேட்டது நம் வீடும் வினோத்தும்தான். சில மாதத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு லாரி ஓட்டினாய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சளி நுரையீரல் முழுக்க இறங்கிவிட்டது என்றார்கள். பாடுகிற பிள்ளை மூச்சுக்குப் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் அதை எழுத முடியவில்லை.

நீ போன பிறகு யாரோ அந்தத் துண்டை வெட்டி, சோற்றுத் தட்டைத் திரும்பிப் பார்க்காத ஒரு நாயின் வீடியோவுக்குப் போட்டார்கள். ஊரே சிரித்தது. அப்புறம் ஹாஸ்டல் பையன்கள் போட்டார்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போட்டார்கள். அம்மா ரேஷன் கடை வரிசையில்தான் முதலில் கேட்டாள். "என் குரலு மாரியே இருக்குது," என்றாள். "ஆமாம்மா, நீங்க பேமஸ்," என்றார்கள். அவளும் சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். சின்ன வயது, மரியாதையான ஆள். அந்தத் துண்டுக்கு பீட் போட்டு டான்ஸ் பாட்டாக வெளியிட வேண்டும், அம்மா சம்மதிக்க வேண்டும் என்றார். ஏழு பாட்டின் வரிசையை நான் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"மத்த ஆறும் நான் கேக்கலைங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஏழு பாட்ட இன்னிக்கு யாருங்க ஒக்காந்து கேக்கறாங்க? சிங்கிளா விட்டா சின்னப் பசங்ககூடப் பாடும்."

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "புள்ள பேரு வருமாப்பா?"

"கண்டிப்பா வரும்மா."

அம்மா தலையாட்டிவிட்டாள். குரல் அவளுடையது, பிள்ளையும் அவளுடையவன். நான் என்ன சொல்ல?

பாட்டு வந்தது. அதில் "அந்தோணி" இல்லை. "டேய், டேய், டேய், சாப்ட்டியாடா" என்று மட்டும் இருந்தது. நான் அவருக்குப் போன் போட்டேன். "பேரு இருந்தா ஒருத்தருக்குத்தான் ஆவும் அக்கா. இல்லன்னா எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்கு வெச்சுக்கலாம். அவரு பேரு பாட்டுக்குக் கீழ எழுத்துல இருக்குது பாருங்க," என்றார். இருந்தது. அதை விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். பாட்டு நன்றாக இருக்கிறது. உன்னுடையதில் காற்று மைக்கில் அடிக்கிறது, தூரத்தில் ஏதோ மோட்டார் ஓடுகிறது. இவர்களுடையது துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. என் கால் தானாகத் தாளம் போட்டது. எது தரமான பாட்டு தம்பி? இதைக் கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீதானே?

உன் முதல் வருஷ நினைவுப் பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் ஏழையும் வரிசையாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பெருமுக்கல் சித்திவரைக்கும் எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் பாட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவதில் போனை எடுத்தார்கள். நாலாவதின் கடைசியில் அம்மா குரல் வந்ததும் குழந்தைகள் ஆட முன்னால் ஓடி வந்தன. பீட் வரவில்லை. அம்மா கூப்பிட்டு முடித்ததும் அப்படியே நின்றன. "இது ஒரிஜினல் இல்ல. ஸ்லோவா இருக்குது," என்றது ஒரு பெண் குழந்தை.

அஞ்சாவதில் காற்று மட்டும் வந்ததும் யாரோ, "ஸ்பீக்கர் பூட்ச்சு போல," என்று எழுந்து போய் வயரை ஆட்டினார். பின்னால் பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். ஆறாவது முடிந்தபோது ஹாலில் நானும் வினோத்தும் அம்மாவும்தான் இருந்தோம்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "போதும். நிறுத்திடு."

"இன்னும் ஒண்ணுதாம்மா. அதுலதான் அவன் பேசுவான்."

"அதான் வேணாங்கறேன். அவன் பதில் சொல்லிட்டா அதோட முடிஞ்சிடும்டி. நான் கூப்ட்டுக்கினே இருந்துட்டுப் போறேன்."

வினோத் வயரைப் பிடுங்கிவிட்டான். வெளியே போய் அழுதான்.

இப்போது அம்மா போனில் அந்த டான்ஸ் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்கிறாள். ஒரு பாட்டு போதும் என்று சொன்னவள் நான். ஏழும் கேட்க ஒரு ஆள் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பவளும் நான்தான். யாரும் வரவில்லை. இனி வருவார்கள் என்று உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அம்மா உயிரோடு இருக்கிறவரை அந்த ஏழாவது பாட்டை இந்த வீட்டில் போட மாட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

சண்டை போட ஆளில்லாமல் இருக்கும்
உன் அக்கா,
ஸ்டெல்லா
மரக்காணம்