மூன்று மடியிலும் கேசரி

அண்ணாச்சி,

இன்று எதிர்வீட்டுக் கல்யாணப் பந்தியில் இலையில் கேசரி விழுந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா தொடையில் கிள்ளினாள். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "சிரிக்காதட்டி, எனக்கு இன்னும் கோவம் தீரல" என்றிருப்பீர்கள்.

போன வருஷம் நம் தெருவில் நீங்கள் பால் கறந்த நாலு வீட்டு மாடுகளுக்கும் ஒன்று மாற்றி ஒன்று மடிநோய் வந்தது. மடி கல்லாக வீங்கிப் பால் திரிதிரியாக இறங்கியது. "அண்ணாச்சி கை ராசியில்ல" என்று கடைசி வீட்டு மாமா உங்களை நிறுத்தினார். எங்கள் வீடு உட்பட மற்ற மூன்றும், ஆள் கிடைக்கும்வரை நீங்களே கறக்கட்டும் என்று வேறு ஆள் தேடின. நாற்பது வருஷமாகக் கறவை தவிர வேறு தொழில் அறியாத நீங்கள், எங்கள் தொழுவத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

நான் பிளஸ் டூ உயிரியல் மேதை அல்லவா! மாட்டு டாக்டரம்மாவைத் துளைத்தெடுத்துச் சேதியோடு வந்தேன்.

"மனுசத் தோலுல இருந்த கிருமி அண்ணாச்சி. எப்பவோ மாட்டு மடிக்குத் தாவிட்டு. நம்ம உடம்ப ஏமாத்த வச்சிருந்த மரபணுவ அங்கன போயி உதறிட்டு. மாட்டு ரத்தத்துல நோயோட சண்ட போடுத காவல் அணுவக் கொல்லுத மரபணுவ வேற கிருமிகிட்ட வாங்கிருக்கு. பால்ல உள்ள சர்க்கரையத் திங்கவும் பழகிட்டு."

"அப்ப நம்ம வீட்டுப் பிள்ளதான். மாட்டு வீட்டுக்கு வாக்கப்பட்டு, அந்த வீட்டுப் பழக்கத்துக்கு மாறிட்டு. என்ன?"

என் பாடப்புத்தகம் இரண்டு பக்கத்துக்கு இழுத்ததை ஒரே மூச்சில் முடித்துவிட்டீர்கள்.

"ஆமா. இப்ப அத மாடு மாடா கூட்டிட்டுப் போறது உங்க கைதான்."

"ஏட்டி, நான் தெனமும் கை கழுவுதேன்!"

கழுவுவீர்கள், கடைசி வீட்டுக் கறவை முடிந்த பிறகு. அதுவரை தோள்துண்டில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

மறுநாள் விடியுமுன் கேசரிப் பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து எங்கள் செவலையின் காம்பில் பூசிவைத்தேன். வெளிச்சம் வந்தபோது இரண்டாம் வீட்டுக் கருப்பிக்கும் ஆரஞ்சு மடி, மூன்றாம் வீட்டு மயிலைக்கும் ஆரஞ்சு மடி. தெருவில் எல்லார் காபியும் ஆரஞ்சு நிறம். வாளியை ஓங்கிக்கொண்டு என்னைத் துரத்தி வந்த நீங்கள், வாசலில் நின்று ஆரஞ்சேறிய உங்கள் உள்ளங்கையையே பார்த்தீர்கள்.

"கண்ணால பாக்கலன்னா நம்பிருக்க மாட்டம்ட்டி."

அன்றிலிருந்து தெரு உங்கள் ஆட்சி! ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னால் வெந்நீர், சோப்பு, தனித்துணி. நோய் உள்ள மாட்டுக்குக் கடைசி முறை. டாக்டரம்மாவின் மருந்தும் சேர்ந்தது. சில மாதம் கழித்து அவர் சோதித்தபோது மூன்று வீட்டுப் பாலும் சுத்தம். புது ஆள் கறந்த கடைசி வீட்டில் மட்டும் மடி வீங்கியே கிடந்தது. அந்த மாமா தெருவுக்கே இறங்கி வந்தார்.

"மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. நாளைலேருந்து வாங்க."

"மன்னிப்பு கெடக்கட்டும் வே. வென்னி வச்சாச்சா?"

தெருவே கைதட்டியது. அன்று நீங்கள் நடந்த நடையைத் தேர்கூட நடந்ததில்லை.

நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம். நாலு வீட்டிலும் இப்போது நான்தான் கறக்கிறேன். பொம்பளப் பிள்ளையா என்று முனகியவர்கள் வெந்நீரோடு காத்து நிற்கிறார்கள். ஒரு மடிகூட வீங்கவில்லை. அந்தக் கிருமி இன்னும் என்னென்ன மாற்றிக்கொள்ளுமோ, மாற்றிக்கொள்ளட்டும். காம்பு நோகாமல் பிடிக்க நீங்கள் காட்டிய பிடி என் கையில் இருக்கிறது. கையும் கழுவித்தான் இருக்கிறது, அண்ணாச்சி.