மூடியைத் திறந்தவள் நான்

போன வாரம் பள்ளி விழாவில் பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: காப்பர் சல்பேட் சோதனையில் வந்த பிழையைக் கண்டுபிடித்தது நான்தானாம். அது உண்மையில்லை. கண்டுபிடித்தவள் நீ. பிழை செய்தவள் நான்.

இன்று காலை குதிகால் வெடிப்புக்காக வாஸ்லைன் டப்பாவைத் திறந்தேன். அந்த வாசனை உன்னைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆய்வக உதவியாளரான நீ, டெசிகேட்டர் என்கிற கனத்த கண்ணாடி ஜாடியின் விளிம்பில் அதை விரலால் தடவி, மூடியைச் சரித்துப் பொருத்துவாய். வெளிக்காற்று புகக்கூடாது. சூடான பீங்கான் கிண்ணங்கள் அதற்குள்தான் ஆற வேண்டும்.

இரண்டாயிரத்தைத் தாண்டி நாலைந்து வருடம் இருக்கும். தாம்பரத்தில் விடாத மழை. பிளஸ் ஒன் மாணவிகள் நீல உப்பை எடைபோட்டு, வெளுக்கும்வரை சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி எடைபோட்டார்கள். குறைந்த எடைதான் உப்பிலிருந்து போன தண்ணீர். இரண்டரை கிராமுக்கு 0.90 கிராம் குறைய வேண்டும். ஒருத்திக்கும் 0.82-ஐத் தாண்டவில்லை. மூன்று நாளில் ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் முன்னால் இதே சோதனையைத்தான் செய்துகாட்ட வேண்டும்.

அத்தனை மாணவிகள் முன்னாலும் உன்னைச் சோம்பேறி என்றேன். ஈரத்தை உறிஞ்ச ஜாடியின் அடியில் போடும் கால்சியம் குளோரைடை நீ மாற்றவில்லை என்றேன்.

"நேத்துதான் மாத்தினேன் மிஸ்" என்றாய். நான் நம்பவில்லை.

உன் வேலை அப்போது தற்காலிகம். அது நிரந்தரமானால்தான் உன் மகளுக்கு எங்கள் பள்ளியில் இடம். அது தெரிந்தே, உன்னை நிரந்தரமாக்க வேண்டாம் என்று தலைமையாசிரியரான மதருக்கு எழுதி, உறையிலிட்டு, கைப்பையில் வைத்தேன்.

மறுநாள் என்னைச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாய். நோன்போடு அனகாபுத்தூரிலிருந்து எனக்கு முன்பே வந்திருந்தாய். இரண்டு டெசிகேட்டர், இரண்டு கிண்ணம், ஒரே எடை உப்பு. சூடாக்கித் தனித்தனி ஜாடியில் வைத்தாய். ஒன்றைத் தொடவேயில்லை. மற்றதன் மூடியை நிமிடத்துக்கொரு முறை சரித்து, என்னைப் போலவே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொடாததில் 0.90 குறைந்தது. திறந்து திறந்து பார்த்ததில் 0.81. அதன் வெள்ளைப் பொடியின் ஓரத்தில் நீலம் திரும்பியிருந்தது.

"இன்னா மிஸ், கிண்ணத்துல நம்பர் எழுதிக்கீறாங்களான்னு முப்பது தபா தொறந்து பாத்தா, மழக்காத்து வெளிலயே நின்னுகினு இருக்குமா?"

அந்த நேரம் மதர் உள்ளே வந்தார். இரண்டு எடைகளையும் பார்த்தார். பிழையைப் பிடித்துவிட்டீர்களே, உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று என்னைப் பாராட்டினார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். காத்திருந்தாய். மதர் போகும்வரை நான் வாய் திறக்கவில்லை. போன பிறகும்தான்.

கைப்பையிலிருந்த உறையை மட்டும் பர்னரில் எரித்தேன். உனக்கு வேலை நிரந்தரமானது, மகள் சேர்ந்தாள். அதன்பின் எத்தனையோ வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நீ அந்தக் காலையைப் பற்றிப் பேசவேயில்லை. என் கணவர் இறந்த அன்று முதலில் வந்து வாசலில் செருப்புகளை ஒதுக்கி வழி செய்தவள் நீ. அன்றாவது சொல்லியிருக்கலாம். கான்வென்டில் தவறை ஒப்புக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். நான் பிறரை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் கற்றுக்கொண்டேன்.

நீ இறந்து இரண்டு வருடமாகிறது. நீ காத்திருந்த அந்த ஒரு நிமிடம் என்னைவிட்டுப் போகவில்லை. விழாவில் உன் மகள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். என்னைப் புகழ்ந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கைகள் மடியிலேயே இருந்தன.

இந்த மடலின் நகல் அவளுக்குப் போகிறது. அவளிடம் கேட்பது இது ஒன்றுதான்: உன் அம்மா என்னைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார்? போனில் வேண்டாம். எழுதி அனுப்பு.