அம்மாவின் ஸ்வெட்டர் ஊசி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை, வழக்கம்போல டிமிக்கிதானா? நான் சௌக்கியம். டென்னிஸ் கோச் வேலையும் பழகிவிட்டது.

நேற்று ஒரு கூத்து. என் மாணவிக்கு முதல் பெரிய போட்டி. தேசிய அணியில் ஆடிய காலம்வரை நான் எங்கே உட்கார்ந்து பார்த்தேன்? ஆட்டக்காரிகள் இருவரும் பக்கம் மாறியபோது, பழக்கதோஷத்தில், பார்வையாளர் வரிசையில் இருந்த நானும் பையை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் கிளம்பிவிட்டேன்.

“ஏங்க, உட்காருங்க, மறைக்குது!” என்று பின்னாலிருந்து ஒரே சத்தம். அதுவரை பேயறைந்தவள்போல ஆடிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அதோடு பயம் ஓடிப்போனது. ஜெயித்து வந்ததும், “மேடம், இன்னிக்கு ஆடினது நீங்களா, நானா?” என்கிறாள்!

ஆடுவதைவிடப் பார்ப்பதுதான் கொடுமை, அம்மா. அவள் பந்தை அடித்தால் என் கையும் எழும்புகிறது. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு இடம் தள்ளிப் போய்விட்டார். என் ஆட்டங்களில் நீ குனிந்த தலை நிமிராமல் ஸ்வெட்டர் பின்னுவாயே, உனக்கு டென்னிஸ் பிடிக்கவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நான் தோற்ற கடைசி ஆட்டத்தில் நீ நிறுத்தாமல் பின்னிய நீல ஸ்வெட்டரை அனுப்பு. அதன் கை முழங்கால்வரை தொங்கினால் தொங்கட்டும், அறை ரொம்பக் குளிர்கிறது.

கூடவே ஊசியும் நூலும் வை. எனக்குப் பின்னத் தெரியாதுதான். ஆனால் புதன்கிழமை அவளுக்கு அரையிறுதி.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்