அண்ணன் பக்கத்தில் x இல்லை

அன்புள்ள கோவிந்தண்ணா,

நம்பமாட்டாய், இது என் கையெழுத்துதான். இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. நீயும் என்னைப் போலக் கைநாட்டு. யாராவது உனக்குப் படித்துக் காட்டட்டும்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறேன். எழுத்து முடிந்து இப்போது கணக்கு. தெரியாததை x என்று வைத்து, கதையைச் சமன்பாடாக எழுதினால், தெரியாதது தானே வெளியே வந்து நிற்கிறது. அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அண்ணா.

போன வாரம் டீச்சர், "உங்க வீட்டு வயசையே கணக்கா போடுங்க" என்றார். என் வயது எனக்கு எப்போது தெரிந்தது? கோவிந்தனுக்கு ஆறு வயது சின்னவன் என்பாள் அம்மா, அவ்வளவுதான். நீ போனபோது உனக்கு அறுபத்தெட்டு. அப்பா போனதும் அறுபத்தெட்டில்தான். அப்படியென்றால் அன்று எனக்கு அறுபத்திரண்டு. தம்பி எப்போது அண்ணன் வயதைத் தொடுவான்?

வயதுக் கணக்கில் இரண்டு பக்கமும் ஆண்டு கூடும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே எழுதினேன்.

62 + x = 68 + x

x அடிபட்டுப் போனது. 62 எப்படி 68 ஆகும்? விடையே கிடையாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. எத்தனை வருடம் போனாலும் நீ முன்னால், நான் பின்னால்.

பக்கத்தில் இருந்த பூக்கார மேரியம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா பெருசு, உங்க அண்ணன் பூட்டார்ல? அவருக்கு ஏன் வருசா வருசம் வயசு ஏத்தினு இருக்கே?"

வகுப்பே சிரித்தது. உன் பக்கத்து x-ஐ நானே அழித்தேன்.

62 + x = 68

ஆறு. நீ போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது, அண்ணா.

மீதி ஒன்று. அதை எழுதக் கை வரவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்கினால் முன்பு அது வெறும் மூச்சு. இப்போது நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மூச்சைக் காதுகொடுத்துக் கேட்கிறேன். கணக்குக் கற்காமலே இருந்திருக்கலாமோ?

"டீச்சர், இந்த ஒண்ணு முடிஞ்சா இன்னா ஆகும்?"

"கேட்டதுக்கு மட்டும்தான் இது பதில் சொல்லும், தாத்தா. அதுக்கு மேல வேணும்னா வேற கணக்கு போடணும்."

நீயும் இந்த வயதுக்கு முன்னால் பயந்தாயா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

வேறு கணக்கு போட்டுவிட்டேன். 62 + 7 = 69. ஏழு மட்டும் கோணலாக நிற்கிறது. அந்த வயதைத் தொட்டால், உன் படத்துக்கு முன்னால் வந்து இந்தக் கடிதத்தை நானே உரக்கப் படிப்பேன். அன்றைக்கு நீதான் என்னை அண்ணா என்று கூப்பிட வேண்டும்.

இப்போதைக்கு உன் தம்பி,
மணி