மேற்குப் பக்கத்துப் படம்

ஜனவரி 9

வாலு அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். அதனால் இந்த முறை கேட்கப்போவதில்லை. உங்கள் காட்டுச் சோதனை நிலையத்து ஜீப் டிரைவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது உங்கள் இருமலை அப்படியே நடித்துக் காட்டிவிட்டுப் போனார். மருந்து வாங்கி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். குடிக்காமல் ஜன்னலில் வைத்து அழகு பார்க்காதீர்கள்.

இங்கே குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. கீழ்வீட்டு டீச்சர் தன் வீட்டுச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று மாடியேறி வந்து ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போனார். போகும்போது, "உங்க வீட்டுக்காரர் எப்பத்தான் வருவாரு?" என்றார். குழாய்க்காகத்தான் கேட்டாரா என்று தெரியவில்லை.

இந்த வருடத்து வான்படங்கள் வந்துவிட்டன. காலையிலிருந்து திரையில் நாட்டின் காடுகளைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, இது காடு, இது காடில்லை என்று நிறம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மேலாளருக்கு ஒரே குஷி. போன வருடத்தைவிடப் பச்சை கூடியிருக்கிறதாம். "பேப்பர்ல வரும்மா, பாரேன்" என்கிறார். எனக்குக் கண் எரிவதுதான் மிச்சம்.

காட்டை அளக்க நட்டுவைத்த நம் அளவுக்கல் இருக்கும் இடம் மட்டும் இந்த முறையும் மேகத்துக்குள். இது மூன்றாவது வருடம். எனக்கு மாமியார் இல்லாத குறையை இந்த மேகம் தீர்த்துவைக்கிறது. மேகம் மூடிய இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தவர் சொல்வதுதான் முடிவு, அதாவது நீங்கள் சொல்வது. வழக்கம்போல் கல்லருகே நின்று நாலு திசையும் படமெடுத்து அனுப்புங்கள்.

போனில் பேசினால் என்ன என்று அக்கா கேட்கிறாள். நீங்கள் மேடேறி சிக்னல் பிடித்துக் கூப்பிட்டாலும், இரண்டு பேரும் மற்றவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கடிதமே தேவலை.

பள்ளி விடுமுறையில் உங்களோடு காடு பார்க்கக் கிளம்பிய வாலு அந்தக் கல்லருகே காணாமல் போய் இந்த மாதத்தோடு நான்கு வருடம் ஆகிறது. அந்தத் தேதியில் தனியாகக் கல்லுக்குப் போகவேண்டாம். டிரைவரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

வாலு அம்மா

•

ஜனவரி 27

வாலு அம்மாவுக்கு,

மருந்தைக் குடித்துவிட்டேன். கசப்புதான், ஆனாலும் உன் கோபத்துக்கு முன்னால் அது தேன்.

கல்லுக்குப் போய்வந்தேன், தனியாகத்தான். திட்டாதே. டிரைவருக்கு அட்டை என்றால் உயிர் போகிற பயம். ஜீப்பை விட்டே இறங்கமாட்டார்.

காடு அப்படியே இருக்கிறது. உச்சி வெயிலிலும் டார்ச் வேண்டியிருக்கிறது. கல்லை ஒட்டிய பெரிய மரத்தின் வேர்கள் இன்னும் பருத்து, பலகை அடித்த மாதிரி நிற்கின்றன. நடுவில் இரண்டு பேர் ஒளிந்துகொள்ளலாம். மணி அடிப்பதுபோலக் கத்தும் பறவையை வாலு பதிலுக்குக் கத்தி வெறுப்பேற்றுவாளே, அதுவும் இருக்கிறது. இப்போது யாரும் பதில் சொல்லாததால் ஒரு முறை கத்திவிட்டு வெகுநேரம் காத்திருக்கிறது.

இந்த வருடமும் செருப்பு வாங்கினேன். மஞ்சள்தான். கடைக்காரர் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார். பதினொன்று என்றதும், "சீக்கிரம் வளந்துடுவாங்க சார், ஒரு அளவு பெருசாவே எடுத்துக்குங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். கல்லின்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். போன வருடம் வைத்த ஜோடி அங்கே இல்லை. போட்டுக்கொண்டிருப்பாள்.

நாலு படங்களும் உறையில் இருக்கின்றன. காடு என்றே போடு.

வாலு அப்பா

•

மார்ச் 3

வாலு அப்பாவுக்கு,

மேகம் விலகிவிட்டது. போன வாரம் வந்த படத்தில் கல்லைச் சுற்றி ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ஆசை ஆசையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எல்லாம் வரிசை வரிசையாக இருக்கிறது, சீப்பால் வாரிவிட்ட தலைபோல. காடு எங்காவது வகிடு எடுத்துக்கொண்டு நிற்குமா? வெட்டி, எரித்து, ஒரே ஜாதி மரத்தை நட்டு, அது ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தும் விட்டது. மேகத்துக்கு அடியில் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. நீங்கள் எனக்கு அட்டையைப் பற்றியும் பறவையைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். டிரைவரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சார் சொல்ல வேணாம்னாரும்மா" என்றார்.

எனக்கு முதலில் தோன்றியது கேவலமான நினைப்பு. தோட்டத்துக்காரர்கள் உங்கள் வாயை அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம் நீங்கள் அனுப்பிய படங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். இத்தனை வருடமும் அந்த உறைகளை நான் பிரித்ததே இல்லை. அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கும் தைரியம் இல்லாமல் அப்படியே கோப்பில் சேர்த்துவிடுவேன். தெற்குப் பக்கத்துப் படத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு செருப்பு நுனி. நீங்கள் கல்லில் வைத்ததாக இருக்கும் என்று பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். செருப்புக்குள் கால் இருந்தது. பெருவிரல் நகத்தில் மட்டும் சிவப்புப் பூச்சு.

கிளம்பிய அன்று காலையில் நான்தான் போட்டுவிட்டேன். ஒரு நகம் முடிந்ததுமே, "ஜீப் வந்துடுச்சும்மா" என்று காலை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். மற்ற ஒன்பதும் பாக்கி.

அன்றைக்கு எடுத்த படங்களையா வருடா வருடம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்?

மேலாளரிடம் போனேன். "மேலேருந்து பார்த்தா இலை மூடியிருக்கா? அப்போ காடுதாம்மா. தானா முளைச்சதா, நட்டு வச்சதான்னு நம்ம விதியில கேள்வியே கிடையாது" என்றார். நாட்டில் பச்சை எப்படிக் கூடுகிறது என்று இப்போது புரிகிறதா? ஒரு பக்கம் காடு விழ விழ, இந்த வரிசைகள் வந்து கணக்கை நிரப்பிவிடுகின்றன.

அதெல்லாம் கிடக்கட்டும். எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். அத்தனை மரத்தையும் சாய்த்தார்களே, தரையெல்லாம் திறந்து கிடந்திருக்குமே. எதையாவது பார்த்தார்களா? மறைக்காதீர்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

வாலு அம்மா

•

மார்ச் 20

வாலு அம்மாவுக்கு,

ஒன்றும் கிடைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உறையைக் கிழித்திருப்பாய்.

வெட்ட வந்த அன்றே மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னேன். நல்ல மனிதர். "உங்களுக்கு முன்னாடி ஒரு மெஷினும் போகாது சார்" என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார். ஒவ்வொரு மரம் சாய்ந்ததும் நான் போய்க் குனிந்து பார்ப்பேன், அதற்கப்புறம்தான் அடுத்த மரம். வேர்களுக்கு நடுவில், பொந்துகளில், ஓடைப் பள்ளத்தில் என்று ஒரு இடம் விடவில்லை. எரித்தபிறகு சாம்பலையும் சலித்தேன். ஒரு சட்டைப் பொத்தான்கூட இல்லை. கடைசி மரம் விழுந்த அன்று மேஸ்திரி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இங்க இல்ல சார்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அங்கே இல்லை என்றால் வேறு எங்கே?

வடக்கே எடுத்தபோது கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். கிழக்கே எடுத்தபோது பாடிக்கொண்டிருந்தாள். தெற்கே எடுத்தபோது, "நானும் படத்துல வரேன்" என்று காலை நீட்டினாள். மேற்கே எடுத்துவிட்டுத் திரும்பினேன். கல் மட்டும்தான் இருந்தது. நாலு திசையும் படமெடுக்கிறவன் எந்நேரமும் மூன்று திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கவேண்டும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த முறையோ இது.

இப்போது கல்லருகே நின்றால் வரிசைகளுக்கு நடுவில் கடைசிவரை தெரிகிறது. ஒரு கோழி ஒளிய இடம் கிடையாது. பறவை இல்லை, பூச்சி இல்லை, என் காதுக்குள் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்கிறது. ஆனாலும் வைத்த செருப்பு போய்விடுகிறது. தோட்டத்து ஆட்கள் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். பொழுது சாய்ந்தபிறகு அவர்களே அதற்குள் போவதில்லை. பக்கத்து வரிசையில் யாரோ கூடவே நடக்கிற மாதிரி இருக்கிறதாம். இவர்கள் நின்றால் அதுவும் நிற்கிறதாம்.

பொய் எழுதினேன் என்று கோபப்படாதே. அந்தக் காடு இருந்தால்தான் அவள் இருப்பதற்கு ஒரு இடம் இருக்கும். உன் மேலாளரே பச்சை என்கிறார். நீயும் பச்சையே போட்டுவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு அப்பா

•

ஏப்ரல் 6

அன்புள்ள உங்களுக்கு,

காடில்லை என்று போட்டுவிட்டேன்.

"ஒரு பொட்டு இடம், இதுக்கு எதுக்கும்மா வம்பு?" என்று மேலாளர் மல்லுக்கு நின்றார். சந்தேகமான இடத்தைப் படம் படிப்பவரே ஒதுக்கிவிடலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புதல் கொடுத்தார். ஒரு விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான் வேலை. பச்சையாக இருந்த கட்டம் சாம்பல் நிறமானது. எழுந்துபோய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான்கு வருடமாக நான் அழவில்லை. திரும்பி வந்தபிறகு கேள்விப்பட்டால் கேலி செய்வாளே என்று அடக்கி வைத்திருந்தேன்.

அவள் இல்லை. நான் எழுதிவிட்டேன், நீங்களும் படித்துவிட்டீர்கள். இனி இதை நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து தாங்கிக்கொள்ளலாம். தனியாக என்னால் முடியவில்லை. காடில்லாத இடத்துக்குச் சோதனை நிலையம் எதற்கு? மூடச் சொல்லி உத்தரவு வரும். அதே ஜீப்பில் ஏறி டவுனுக்கு வந்து பஸ் பிடித்துவிடுங்கள். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். குழாயும் உங்களுக்காகத்தான் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

வாலு அம்மா என்று கையெழுத்துப் போட்டே பழகிய கை. இன்று வரமாட்டேன் என்கிறது.

உங்கள் மனைவி

•

மே 2

வாலு அம்மாவுக்கு,

உத்தரவு வந்தது. கட்டிலையும் அடுப்பையும் ஜீப்பில் ஏற்றி, அறையைப் பூட்டி, சாவியை டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ பார்த்ததை நீ போட்டாய்.

கிளம்புவதற்குமுன் கடைசியாக ஒரு தடவை என்று கல்லுக்குப் போனேன். முந்திய நாள் நல்ல மழை. கல்லுக்கு மேற்கே தோட்டம் முடிந்து பழைய காடு தொடங்கும் இடத்தில், சேற்றில் செருப்புத் தடம் இருந்தது. ஜனவரியில் வாங்கினேனே, அதே அளவு. கையை விரித்து வைத்துப் பார்த்தேன். காட்டுக்குள் போகிற தடம் மட்டும்தான். திரும்பி வந்த தடம் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷின் சத்தத்தில் பயந்திருப்பாள். இங்கே மரம் விழ விழ, அவள் உள்ளே உள்ளே தள்ளிப் போயிருப்பாள். நான் மடையன், விழுந்த மரத்துக்கு அடியிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நிற்கிற மரத்துக்கு அடியில் அல்லவா தேடியிருக்கவேண்டும்?

அரிசி, உப்பு, தீப்பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டேன். சிவப்பு நகப்பூச்சு ஒன்றும் வாங்கியிருக்கிறேன். மற்ற ஒன்பதும் பாக்கி என்று எழுதியிருந்தாயே.

பஸ் ஸ்டாண்டில் நிற்காதே. உனக்குக் கால் வலி தாங்காது.

வாலு அப்பா

•

ஜனவரி 14

வாலு அப்பாவுக்கு,

மே மாதத்துக்குப் பிறகு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் டிரைவரிடமே இருக்கின்றன. காட்டின் விளிம்புவரை போய் ஹாரன் அடித்துப் பார்க்கிறார், கொஞ்ச நேரம் நிற்கிறார், திரும்பி வந்துவிடுகிறார். உங்களைத் தேடி உள்ளே போனவர்கள் ஓடைக்கரையில் அணைந்துபோன அடுப்பு ஒன்றைப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

டீச்சரின் தம்பி வந்து குழாயைச் சரிசெய்துவிட்டார். சொட்டுகிற சத்தம் நின்றதும் வீட்டில் இருக்கவே என்னவோபோல் இருக்கிறது.

இந்த வருடத்துப் படங்கள் வந்துவிட்டன. நாட்டில் பச்சை இன்னும் கூடியிருக்கிறது. மேலாளருக்குப் பதவி உயர்வு. நீங்கள் இருக்கும் காட்டின்மேல் இந்த முறை துளி மேகம் இல்லை. மூன்று பக்கமும் வரிசைகள் நெருங்கி வந்துவிட்டன. போன வருடப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காடு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரிகிறது. இப்படியே போனால் எப்போது தீரும் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நம் ஆயுசுக்குள் தீர்ந்துவிடும்.

மரம் தீர்ந்துபோனால் நீங்கள் வெளியே வந்துதானே ஆகவேண்டும்? சீக்கிரம் வெட்டித் தொலைக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். ஒரு நிமிடம்தான். இத்தனை காலமாக வெட்டுகிறவர்களைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். உடனே திரையை அணைத்துவிட்டேன். அங்கேயும் எல்லாவற்றையும் சாய்த்து, எரித்து, யாரோ ஒரு மேஸ்திரி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு "இங்க இல்லம்மா" என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

இன்று அந்தக் காட்டின் கட்டங்கள் எல்லாவற்றையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்றுவிடாமல் பச்சை போட்டேன். ஓரத்தில் வரிசை தெரிந்த கட்டங்களுக்கும் பச்சைதான். கல் இருக்கும் கட்டத்தையும் பச்சையாக்கிவிட்டேன். மேலாளர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, இந்த வருஷம் வம்பு ஒண்ணும் இல்லையா?" என்று சிரித்தார்.

"உள்ள ரெண்டு பேர் இருக்காங்க சார்" என்றேன்.

வாலு அம்மா