கடல் தாங்கும் காய்

துபாய்
11.2.2007

அன்புள்ள ராஜாத்திக்கு,

லத்திபா எழுதுவது. நானும் அவரும் மகள் மிஸ்பாவும் இங்கே சுகம். நீயும் செல்வமணி அண்ணனும் உன் வாழைத்தோட்டமும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் பாதியில் மோட்டார் போட ஓடிவிடுகிறாய். அதனால்தான் எழுத்து.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பழக் கம்பெனிக்கு வாழைக்காய் பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறது. கன்டெய்னர் கதவைத் திறந்து, காயைச் சோதித்து, தேறும் தேறாது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பதினொரு வருடத்தில் நம் நாட்டுக் காய் ஒரு பெட்டிகூட என் கைக்கு வந்ததில்லை. உலகத்திலேயே அதிகம் வாழை விளைவது நம் நாட்டில்தான் என்று நான் சொன்னால், விளைவதையெல்லாம் நீங்களே தின்றுவிடுகிறீர்கள் என்று சிரிக்கிறார்கள்.

போன வாரம், இந்தியக் கம்பெனி ஒன்று சீமையில் பெரிய இரும்பாலையை விலைக்கு வாங்கிய செய்தி பேப்பரில் வந்தது. எங்கள் மேனேஜர் கோட்டயத்துக்காரர். அதைப் படித்துவிட்டு, இரும்பாலை வாங்கத் தெரிந்த நாட்டுக்கு ஒரு கன்டெய்னர் வாழைக்காய் ஒழுங்காக அனுப்பத் தெரியாதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "அனுப்ப ஆள் இருக்கு, என்கூடப் படிச்சவ" என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். காப்பாற்ற வேண்டியது நீ.

தாரைத் தரையில் வைக்கக் கூடாது, தோலில் நகம் படக் கூடாது, பால் கறை இருக்கக் கூடாது. பச்சையாகக் கிளம்பி, பன்னிரண்டு நாள் கழித்துப் பச்சையாகவே வந்து சேர வேண்டும். முழு விவரமும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

உன்
லத்திபா


கோகிலாபுரம்
உத்தமபாளையம் வழி
17.4.2007

என் பிரிய லத்திபாவுக்கு,

நேற்றுக் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. கூரியரில் உங்கள் கம்பெனிக்குப் போகும் சர்டிபிகேட்டுகளுக்கு நடுவில் இந்தக் கடிதத்தைச் செருகியிருக்கிறேன். உன் மேனேஜர் கண்ணில் படாமல் எடுத்துக்கொள்.

இரண்டு மாதம் நான் பட்ட பாட்டைக் கேள். இருபது பெண்களை நிற்க வைத்து, கண்ணாடி வளையலைக் கழற்றுங்கள், காயில் கீறல் விழும் என்றேன். பவுனு இருக்கிறாளே, வாழை இலை அறுக்கும் மொக்கைச்சாமியின் பெண்சாதி, அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "தாலி கட்டுனவ வெறுங்கையா நிக்கணுமாக்கும்? துபாய்க்காரவுக வந்து எங் கையப் பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். மறுநாள் அவளே பழைய துணியைக் கிழித்து, வளையலுக்கு மேல் மணிக்கட்டோடு சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். இப்போது இருபது பேரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். அவள் பிரித்த சீப்பில் ஒரு கோடுகூடக் கிடையாது.

தாரைத் தரையில் வைக்காமல், தோளில் மெத்தை போட்டுச் சுமந்தே கொண்டுவந்தோம். தண்ணீர்த் தொட்டியில் படிகாரம் கரைத்துப் பால் கழுவினோம். பெட்டியில் நம் ஊர்ப் பெயரை அச்சடித்திருந்தோம். எங்கள் வீட்டு மனிதர் செல்வமணி அந்த அட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டித்தான் கதவைப் பூட்டினோம். கௌமாரியம்மனே துணைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள். நீ கதவைத் திறக்கும்போது முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்த பிள்ளை மாதிரி இருக்கும் பார். பார்த்துவிட்டு உடனே எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் ராஜாத்தி


துபாய்
2.5.2007

அன்புள்ள ராஜாத்திக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் கதவைத் திறந்தேன். திறந்ததும் வாசம் வந்தது. பச்சைக் காய்க்கு வாசம் கிடையாது. பெட்டி பெட்டியாகப் பிரித்தோம். எல்லாம் மஞ்சள். பாதிக்கு மேல் கறுத்துவிட்டது.

கடைசி அடுக்குக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. அதில் தேங்காய் மூடி இரண்டு, எலுமிச்சை, குங்குமம், அழுகிப்போன பூவன் பழம் இரண்டு சீப்பு. தட்டின் விளிம்பில் 'அன்பளிப்பு: லத்திபா, 1992' என்று வெட்டியிருக்கிறது. உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்தது.

ஒரு கனிந்த பழத்தைக் காய்களோடு போட்டு மூடினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பெட்டி பழுத்து, அது அடுத்த பெட்டியைப் பழுக்க வைத்து, பன்னிரண்டு நாளில் வேலை முடிந்துவிட்டது. நடுவழியில் கப்பல் மாற்றியபோது குளிர் இயந்திரம் ஆறு மணி நேரம் நின்றிருந்ததாகவும் பதிவில் இருக்கிறது. அதனால் இவ்வளவு பழுக்காது. நான் பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தைரியமாக இரு. சாப்பிடாமல் கிடக்காதே.

உன்
லத்திபா


கோகிலாபுரம்
16.5.2007

திருமதி லத்திபா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. உங்கள் ரிப்போர்ட்டும் வந்தது. சரக்கு அனுப்பியவர் தவறு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஆறு மணி நேரம் இயந்திரம் நின்றதை நீயே எழுதுகிறாய். அதைக் காரணமாகப் போட்டிருந்தால் கப்பல் கம்பெனி பொறுப்பேற்றிருக்கும். ஒரு தட்டைத் தூக்கிக் குப்பையில் போட உனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதை ஊர் கூட்டிக் காட்டியது நீ.

பழுத்த பழம் காயைப் பழுக்க வைக்கும் என்று இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். மொக்கைச்சாமி தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். "சாமிக்கு வச்சத எவம்மா பழம்னு நெனச்சான்?" அதுதான் உண்மை. இருபது பேர் சுற்றி நின்று கும்பிட்டோம், ஒருவருக்கும் அது பழமாகத் தெரியவில்லை. வீட்டில் வெண்கலத் தாம்பாளம் இருந்தது. உன் பெயர் போட்டது என்பதற்காகத்தான் அந்தத் தட்டைத் தேடி எடுத்தேன். கூட இருந்து குழி பறிப்பாய் என்று தெரியாமல் போயிற்று.

இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு
செ. ராஜாத்தி


துபாய்
11.9.2007

அன்புள்ள ராஜாத்திக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நாளை மறுநாள் நோன்பு தொடங்குகிறது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு நோன்பு வைக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு கன்டெய்னர் கேட்டு எங்கள் ஆபீஸிலிருந்து உனக்கு இரண்டு மெயில் வந்திருக்கும். நீ பதில் போடவில்லை என்று மேனேஜர் சொன்னார். என்மேல் உள்ள கோபத்தைக் காயின்மேல் காட்டாதே. நான் சோதிப்பது பிடிக்கவில்லை என்றால், உன் சரக்குக்கு வேறு ஆளைப் போடச் சொல்கிறேன். நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்.

இங்கே காலம் மாறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். போன மாதம் பெரிய கடை ஒன்றில் மகாராஷ்டிரத்துத் திராட்சை ஐரோப்பியப் பழங்களுக்குப் பக்கத்தில், அதே விலையில் இருந்தது. முன்பெல்லாம் நம் சரக்கு என்றால் கடைசி வரிசைதான். வாழை அடுக்கும் இடத்தில் மட்டும் இன்னும் பிலிப்பைன்ஸ் பெட்டிதான். அங்கே உன் பெட்டி இருக்க வேண்டும்.

தட்டைக் கழுவி என்னிடமே வைத்திருக்கிறேன்.

உன்
லத்திபா


கோகிலாபுரம்
4.2.2008

என் லத்திபாவுக்கு,

உன் நோன்புக் கடிதத்தைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டிருந்தேன். பிரிக்கும் தைரியம் நேற்றுத்தான் வந்தது. எட்டு மாதம் உன்னைத் திட்டிய வாய் இது. இப்போது என்ன சொல்லி ஆரம்பிக்க என்று தெரியவில்லை.

பத்து நாளுக்கு முன்னால் உன் மேனேஜர் குமுளி வழியாகக் கார் எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். மெயிலுக்குப் பதில் போடாத ஆளை நேரில் பார்க்க வந்தேன் என்றார். அவர் மலையாளத்தில் பேச, நான் தமிழில் பேச, ஒன்றும் தடைப்படவில்லை. பவுனு கையில் சுற்றிய துணியைப் பார்த்து, இதை எந்தக் கம்பெனியில் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். அவளுக்கு ஒரே பெருமை.

காப்பி கொடுக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் ஆள் எழுதிய ரிப்போர்ட்டால்தானே இந்த நிலைமை என்று கேட்டுவிட்டேன். அவர் அதிசயமாகப் பார்த்தார். இயந்திரம் நின்றதால் பழுத்தது என்று அந்தம்மா எழுதியிருந்தால், ஆறு மணி நேரம்கூடத் தாங்காத காய், இந்தியக் காய் கடலுக்கு ஆகாது என்று அன்றே கணக்கை மூடியிருப்பேன். தட்டுதான் காரணம் என்றால் தட்டை எடுத்துவிட்டால் முடிந்தது, அதனால்தான் வந்திருக்கிறேன் என்றார்.

பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். எனக்கு அனுப்பியது முதல் பக்கம் மட்டும்தானாம். பின்னால் தட்டின் போட்டோ இருந்தது. தட்டில் தமிழில் வெட்டியிருப்பதை எங்கள் ஆபீஸில் படிக்க ஒருவரும் கிடையாது என்றார் மேனேஜர். அந்தம்மா தானாக வந்து, இது என் பெயர், அனுப்பியவள் என் சிநேகிதி, ஆகவே என் சொல்லை மட்டும் நம்பாமல் வேறு ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார் என்று சொன்னார். கடைசி வரிகளைச் செல்வமணி தமிழில் படித்துச் சொன்னார். 'காம்பும் தோலும் நான் இதுவரை சோதித்த எதற்கும் குறைந்தவை அல்ல. இதே தோட்டத்துக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும். அடுத்ததும் கெட்டு வந்தால் நான் வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன்.'

லத்திபா, இதை எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? எழுதியிருந்தாலும் அன்று நான் நம்பியிருக்க மாட்டேன், அதுவும் எனக்குத் தெரியும். காயைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். பவுனுதான் வந்து, "அவுக உனக்காக வேலையவே பணயம் வச்சிருக்காக. நீ அழுதுக்கிட்டு நின்னா காய் யாரு வெட்டுறது?" என்றாள்.

வெட்டிவிட்டோம். இந்தக் கடிதத்தோடு சரக்கும் கிளம்புகிறது. பூஜை ரோட்டோரம், கேட்டுக்கு வெளியே. பழம் கேட்டைத் தாண்டாமல் மொக்கைச்சாமி காவல் நின்றார். அம்மன் வெளியிலேயே வாங்கிக்கொண்டாள், கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இது தேறினால் மாதம் இரண்டு கன்டெய்னர் என்று உன் மேனேஜர் சொல்லியிருக்கிறார். தாங்களும் காய் அனுப்ப வேண்டும் என்று சின்னமனூர் பக்கம் மூன்று பேர் இப்போதே வந்து கொட்டகையை அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கதவைத் திறந்ததும், முன்பு தட்டு இருந்த இடத்தில், மஞ்சள் கயிறு கட்டிய ஒரு பெட்டி இருக்கும். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், அது கணக்கில் இல்லாதது, உனக்கு. அதை மட்டும் சோதிக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழுக்க வைத்து மிஸ்பாவோடு சாப்பிடு. என்னை மன்னித்ததாக அதைச் சாப்பிட்டால் போதும்.

உன் ராஜாத்தி


துபாய்
27.2.2008

என் ராஜாத்திக்கு,

கதவைத் திறந்தேன். வாசமே இல்லை. கடைசி அடுக்குவரை பச்சை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், அதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

மேனேஜர் தானே முன்னால் நின்று பிலிப்பைன்ஸ் அடுக்குக்குப் பக்கத்தில் உன் பெட்டிகளை ஏற்றச் சொன்னார்.

மஞ்சள் கயிறு கட்டிய பெட்டியும் வந்தது. வீட்டில் பழுக்க வைத்து, என் பெயர் போட்ட தட்டில் வைத்து, மூன்று பேரும் சாப்பிட்டோம். மிஸ்பா நாலு பழம் தின்றாள். தட்டு வேண்டுமானால் நீயே இங்கே வந்து வாங்கிக்கொள்.

சோதிக்காதே என்று எழுதியிருந்தாய். சோதித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். மூன்றாவது சீப்பில் கத்தி பட்ட கீறல் ஒன்று இருக்கிறது. பவுனிடம் சொல்.

உன்
லத்திபா