இரண்டு தராசில் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நேற்று அப்பா நம் கடைத் தராசுகளின் மேல் ஏறி நின்றார், விழவில்லை. என் கையெழுத்தைக் கண்டதும் நீ என்ன நினைப்பாய் என்று தெரியும், அதனால்தான் இதை முதலில் எழுதினேன். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் இருக்கிறீர்களா. போனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்பாய், நானும் அதையே சொல்வேன், பக்கத்தில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுதினால்தான் உள்ளதைச் சொல்ல முடிகிறது.

உள்ளது என்னவென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்றுகூட இவ்வளவு பயமில்லை, ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் ஓடவே நேரம் சரியாக இருந்தது. படுத்திருந்த வரைக்கும் அவர் விழ வழியில்லை. இப்போது எழுந்து நிற்கிறார், கட்டில் முனை, குழாய், மேசை விளிம்பு எல்லாம் அவர் தலை மோதும் இடமாகவே எனக்குத் தெரிகிறது. கடையில் மூட்டை தொப்பென்று விழுந்தால் அவர்தான் விழுந்தார் என்று திரும்பிப் பார்க்கிறேன். அன்றைக்கு ஓட்டல்காரர் கேட்ட விலைக்கே உருளைக்கிழங்கைக் கொடுக்கத் தலையாட்டிவிட்டேன், அந்த மனுஷனே மிரண்டுபோய் "என்னக்கா, உடம்பு சரியில்லையா" என்றார். தெருத்தெருவாகக் கூடை சுமந்து இந்தக் கடையைப் பிடித்தவள் நான், என் நிலைமையைப் பார்.

பிசியோதெரபிக்கு ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், உன் வயதுதான் இருக்கும், அப்பா அவளை வாத்தியாரம்மா என்கிறார். லாரி ஓட்டிய வாய் சும்மா இருக்குமா, "இடது பக்க டயர்ல காத்து இல்ல வாத்தியாரம்மா, ஸ்டெப்னி இருந்தா மாட்டிவிடுங்க" என்றார். காத்தெல்லாம் இருக்கு ஐயா, நீங்கதான் அந்தக் காலை நம்ப மாட்டேங்கறீங்க, பாரத்தை எல்லாம் வலது காலுக்கே கொடுக்கறீங்க என்றாள் அவள். எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்று கண்ணால் பார்த்தால் அவருக்கே பிடிபடும், எடை மெஷின் ரெண்டு கிடைக்குமா என்று கேட்டாள். வெங்காயக் கடைக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது. தாழ்வான மேடைத் தராசு இரண்டைக் கொண்டுவந்து போட்டேன், காலுக்கு ஒன்று, பின்னால் நாற்காலி, இடது பக்கம் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நான். முதல் நாட்களில் வலது எண் மளமளவென்று ஏறும், இடது எண் ஒரு கூடை வெங்காயத்தைத் தாண்டாது. நேற்று இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன. அவள் கை தட்டினாள், அப்பா என்னைப் பார்த்து "பாத்தியா, லோடு சரியா ஏத்தியாச்சு" என்றார், அடுத்தது நடைதான் என்று பேச்சு போனது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தராசோடு பழகிய கண், இரண்டு எண்ணையும் கூட்டிவிட்டது. முந்தின நாள் வந்த மொத்த எடை வரவில்லை, நன்றாகவே குறைந்தது. ஒரே ராத்திரியில் ஆள் அவ்வளவு இளைக்க முடியாது. சரக்கு குறைந்தால் ஒரு கை எடுத்திருக்க வேண்டும். முதலில் அப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன், எங்காவது விரலை ஊன்றியிருப்பாரோ என்று. அவர் கைகள் சும்மா தொங்கின. பிறகு என் கையைப் பார்த்தேன். பட்டையைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவர் இடது பக்கம் சாயச் சாய நான் என்னை அறியாமல் மேலே இழுத்திருக்கிறேன், குறைந்த எடை என்னிடம் இருந்தது.

மறைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பொய் எண்ணை நம்பி நாளைக்கு அவர் காலை எடுத்து வைத்தால் என்ன ஆவது, அதனால் சொல்லிவிட்டேன். எல்லா வீட்டுலயும் இப்படித்தாம்மா, ஆனா உங்க கை தாங்கற வரைக்கும் அந்தக் கால் வேலைக்கு வராது என்றாள் அந்தப் பெண். அப்போதும் நான் பட்டையை விடவில்லை. அப்பா கேலி பேசவில்லை, மெதுவாகச் சொன்னார், "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ பிடிச்சிருந்தா நான் நிக்கறேனா விழறேனான்னு எனக்கே தெரியல. விடு." விட்டேன். ஆடினார், இடது எண் சரிந்தது, எனக்கு உயிர் போய் வந்தது, அந்தப் பெண் மட்டும் கை எட்டும் தூரத்தில் அசையாமல் நின்றாள். பிறகு எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வலதில் பாதி அளவில் நின்றது. கூட்டினேன், முழு எடையும் இருந்தது.

லீவு போட்டு வருகிறேன் என்றாயே, வா, ஆனால் அவரைத் தாங்கிப் பிடிக்க என்று வராதே, என் ஒருத்தி கையே அதிகம். நீயும் பிரஷர் பார்த்துக்கொள், வேலை வேலை என்று தள்ளிப்போடாதே, அப்பாவும் அப்படித்தான் தள்ளிப்போட்டார். நீங்கள் இருவரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும், வேறு ஆசை எனக்கில்லை.

எங்களுக்குள் பேசி முடித்ததையும் எழுதிவிடுகிறேன். நான் கடையில் இருக்கும்போது அவர் தனியாக எழுந்திருக்கக் கூடாது. பயிற்சியின்போது நான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்பேன், அவர் கூப்பிடாமல் தொட மாட்டேன். கூப்பிடாமலே விழுந்தால் என்று கேட்டேன். "அப்ப தூக்கிக்கோ" என்றார். அதற்கும் சரி என்றேன்.

உன் அம்மா